புதுத் தகரத்துக்குப் பழைய களை: வாசகர் கேள்வி பதில்

ஜி.ஐ. தகடு, வாளி, கூரை பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லாருமே ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறீர்கள்: புதுசின் மினுமினுப்பு எப்படிப் போகும்?

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி: தோப்புக்குள் இருக்கும் எங்கள் பழைய ஓட்டு வீட்டை விருந்தினர் தங்கும் வீடாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். திண்ணையில் செடி வைக்க ஜி.ஐ. வாளிகளும் பெரிய தொட்டிகளும் வாங்கினோம். குளியலறையின் வெளிச்சுவரில் நெளிநெளியான தகரம் அடித்திருக்கிறோம். எல்லாம் பளீரென்று மின்னுகிறது, பழைய மரத்தூணுக்குப் பக்கத்தில் ஒட்டவே இல்லை. அப்பா காலத்துக் கிணற்றடி வாளி ஒன்று வீட்டில் இருக்கிறது, மங்கின சாம்பல் நிறம். அந்த நிறம் வேண்டும். எப்படிக் கொண்டுவருவது?

பதில்: அந்த வாளியின் சாம்பல் நிறம் அழுக்கும் இல்லை, துருவும் இல்லை. துத்தநாகம் காற்றையும் மழையையும் வாங்கித் தன்மேல் தானே உண்டாக்கிக்கொண்ட தோல் அது. ஜி.ஐ. என்றால் உள்ளே இரும்பு, மேலே துத்தநாகப் பூச்சு. ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸில் உருகி நிற்கும் துத்தநாகத்துக்குள் இரும்பை முக்கி எடுக்கிறார்கள், ஆறும்போது மேலே தங்கும் சுத்தமான துத்தநாகம்தான் அப்படி மின்னுகிறது. அதை வெளியே வைத்த ஓரிரு நாளிலேயே ஆக்சைடும் ஹைட்ராக்சைடும் படியத் தொடங்கிவிடும், அப்புறம் மழை நனைக்க, வெயில் காய வைக்க, மறுபடி பனி நனைக்க, இப்படியே போகப் போகக் காற்றில் இருக்கும் கரியமில வாயுவையும் சேர்த்துக்கொண்டு அது துத்தநாகக் கார்பனேட்டாக இறுகிவிடும். இந்தக் கார்பனேட் தண்ணீரில் லேசில் கரையாது. உங்கள் அப்பாவின் வாளி இத்தனை வருஷம் தாங்கியதற்குக் காரணமே அந்தச் சாம்பல் தோல்தான். முழுசாகப் படிய ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை பிடிக்கும்.

அதனால் வெளிச்சுவரில் அடித்த தகரத்தை நீங்கள் தொடவே வேண்டாம். பொள்ளாச்சிக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு, நடுவில் நல்ல வெயிலும் உண்டு. துத்தநாகத்துக்கு வேண்டியது அந்த நனைந்து காயும் சுற்றுதான். ஒரு வருஷம் பொறுத்தால் சுவர் தன்னாலேயே நிறம் மாறிவிடும், அதுவும் எந்த ஆசிட்டாலும் கொண்டுவர முடியாத அளவுக்குச் சீராக.

திண்ணைக்குள் இருக்கும் வாளிகளின் கதை வேறு. கூரைக்குக் கீழே, மழை படாத இடத்தில், ஜி.ஐ. ரொம்ப நாள் பளபளப்பாகவே கிடக்கும். பொறுமை இருந்தால் அவற்றை ஒரு மழைக்காலம் முற்றத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல், கவிழ்த்தும் நிமிர்த்தியும் மாற்றி மாற்றிப் போட்டு வையுங்கள். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று, அவ்வளவு நேரமில்லை என்றால் மட்டும் கீழே சொல்வதைச் செய்யுங்கள்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பைப் போக்க நீங்கள் தடவும் எந்தப் புளிப்புத் திரவமும் துத்தநாகத்தைக் கரைத்துத்தான் வேலை செய்கிறது. குமிழ் விட்டு நுரைப்பது அழகாக இருக்கும், ஆனால் அங்கே போய்க்கொண்டிருப்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பூச்சு. கடையில் தகடு கேட்டால் கேஜ் எவ்வளவு என்றுதான் பேச்சு ஓடும், அது இரும்பின் கனம். துத்தநாகத்தின் கனத்தை ஜி.எஸ்.எம்.மில் கேட்க வேண்டும், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை கிராம் துத்தநாகம் என்று. 275 ஜி.எஸ்.எம். தகட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 19 மைக்ரான்தான் இருக்கும். 120 என்றால் எட்டு மைக்ரானைக் கொஞ்சம் தாண்டும், தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மலிவான வாளிக்கு ஜி.எஸ்.எம். கணக்கெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் பூச்சு மெல்லியது என்றே எடுத்துக்கொண்டு மென்மையாகக் கை வையுங்கள்.

வேலையில் முக்கால்வாசி கழுவுவதில் இருக்கிறது. புதுத் தகட்டின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். பல தகடுகளில் வெள்ளை பூக்காமல் இருப்பதற்காக ஆலையிலேயே குரோமேட் போன்ற ஒரு மெல்லிய காப்பு பூசியிருப்பார்கள், அது கண்ணுக்கே தெரியாது. இந்த இரண்டும் இருக்கும் வரை நீங்கள் தடவுவது ஓரிடத்தில் பிடிக்கும், ஓரிடத்தில் பிடிக்காது, கடைசியில் படர்தேமல் வந்த மாதிரி ஆகிவிடும். பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு வெந்நீரில் நன்றாகக் கழுவி, பச்சை ஸ்க்ரப்பரால் ஒரே திசையில் லேசாக மேலே மேலே தேயுங்கள். தண்ணீர் விட்டால் முத்து முத்தாக நிற்காமல் முழுசாகப் பரவினால் பிசுக்கு போய்விட்டது என்று அர்த்தம். இரும்பு நார் வேண்டவே வேண்டாம், அதன் துணுக்குகள் தகட்டில் சிக்கிக்கொண்டு பின்னால் அந்த இடத்திலெல்லாம் துருப் புள்ளி வைக்கும்.

அப்புறம் என்ன தடவுவது? சமையலறை வினிகரே போதும். துணியை அதில் நனைத்து வாளியைச் சுற்றிப் போர்த்தி, கால் மணிக்கு ஒருமுறை துணியைத் தூக்கி நிறத்தைப் பாருங்கள். சில வாளி அரை மணியில் மங்கிவிடும், சிலதுக்குச் சில மணி நேரம் ஆகும். வினிகருக்குப் பதில் மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்தும் பயன்படுத்தலாம். புளியும் வேலை செய்யும்தான், ஆனால் சக்கை ஒட்டிய இடம் ஒரு நிறம், ஒட்டாத இடம் ஒரு நிறமாகப் போவதால் நான் சொல்ல மாட்டேன். எல்லாவற்றிலும் என் விருப்பம் பாஸ்பாரிக் ஆசிட் உள்ள திரவம். ஹார்டுவேர் கடையில் துரு நீக்கும் திரவம் என்று விற்பதில் பலவும் அதுதான், லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். அது துத்தநாகத்தை வெறுமனே கரைத்துவிட்டுப் போகாமல் மேலே துத்தநாக பாஸ்பேட்டாகப் படிகிறது. நிறம் கொஞ்சம் அடர்த்தியான சாம்பல், சீராக வரும், படிந்ததும் ஓரளவு காப்பாக நிற்கும். லேபிளில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் கலந்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, வெட்டவெளியில் வைத்துச் செய்யுங்கள். வாளியின் அடிப்பாகத்தில் முதலில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தடவிப் பார்த்துவிட்டு மிச்சத்துக்குப் போகலாம்.

வேண்டிய நிறத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள், காய்ந்த பிறகு இன்னும் ஒரு படி மங்கும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை துடைத்து, மறுபடி கழுவி, காற்றாடச் சாய்த்து வைத்து முழுசாகக் காய விடுங்கள். இந்தக் கடைசி வேலையில் அவசரப்பட்டால் மடிப்பிலும் கைப்பிடிக் காதிலும் ஆசிட் தங்கி, ஒரு வாரத்தில் வெள்ளையாகப் பூக்கும். கழுவின தண்ணீரைச் செடிக்கோ கிணற்றோரத்திலோ மீன் இருக்கும் குட்டையிலோ ஊற்றாதீர்கள், கரைந்த துத்தநாகம் மீனுக்கு நஞ்சு, அதிகமானால் செடிக்கும் ஆகாது.

செடி என்றதும் இன்னொன்று. மண்ணை நேராக வாளிக்குள் கொட்டினால் ஈரமும் உரத்தின் உப்பும் சேர்ந்து உள்ளிருந்தே அரிக்கும், வெளியே எவ்வளவு அழகாக மங்க வைத்தாலும் அடிப்பாகம் போய்விடும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி அதில் செடியை வையுங்கள், வாளி வெறும் சட்டையாக நிற்கட்டும்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: அண்ணே, டீக்கடை கவுண்டர் முகப்புக்கு ஜி.ஐ. ஷீட் அடித்தோம். ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு பாத்ரூம் கழுவும் ஆசிட்டை அப்படியே ஊற்றித் தேய்த்தேன். பொங்கிப் புகை வந்தது, உடனே கழுவிவிட்டேன். இப்போது நடுவில் கருப்புத் திட்டு, அங்கங்கே வெள்ளைப் பொடி, கீழ் ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு கோடு. காப்பாற்ற முடியுமா?

பதில்: மேலே இருக்கும் திட்டுகளைக் காப்பாற்றலாம் தம்பி. கீழ் ஓரத்துச் செம்பழுப்புதான் கவலை, அந்த இடத்தில் துத்தநாகம் முழுசாகப் போய் இரும்பு வெளியே வந்துவிட்டது. ஊற்றிய ஆசிட் வழிந்து கீழே போய்த் தேங்கியிருக்கும், அங்கே அதிக நேரம் வேலை செய்திருக்கிறது. செங்குத்தான தகட்டில் எப்போதுமே அடி ஓரம்தான் முதலில் அடிபடும்.

பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். துத்தநாகத்தில் பட்டவுடன் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், நீங்கள் பார்த்த பொங்கல் அதுதான். அந்த வாயு தீப்பிடிக்கும். டீக்கடைக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் செய்திருந்தால் விபரீதம் ஆகியிருக்கும், இனிமேல் தயவுசெய்து மூடிய இடத்தில் செய்யாதீர்கள். அந்தப் புகையில் ஆசிட்டும் கலந்து பறக்கும், மூச்சுக்கு மட்டுமில்லை, அதே அறையில் தொங்கும் இரும்புச் சாமான்கள் எல்லாம் மறுநாளே துரு பிடித்திருக்கும், போய்ப் பாருங்கள். இதைவிட முக்கியம்: ஆசிட் பட்ட தரையில் பிளீச்சிங் பவுடரைப் போட்டுக் கழுவக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், சின்னப் பாத்ரூமில் ஆளையே சாய்த்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது. சமையல் சோடாவைக் கூழாகக் கரைத்து தகடு முழுக்க, முக்கியமாக ஆணி அடித்த இடத்திலும் மடிப்பிலும், பூசி பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். நுரை வந்தால் இன்னும் ஆசிட் இருக்கிறது, மறுபடி பூசுங்கள். காய்ந்ததும் வெள்ளைப் பொடியை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். திட்டுகள் ஒன்றோடொன்று கலக்க வேண்டும் என்றால் பாஸ்பாரிக் திரவத்தை நன்றாகத் தண்ணீர் விட்டு இளக்கி முழுத் தகட்டிலும் ஒரே மூச்சில் துடையுங்கள், திட்டுகளுக்கு இடையில் விட்டுப்போன பளபளப்பு குறைந்தால் வித்தியாசம் கண்ணில் அவ்வளவாகத் தெரியாது. கீழ் ஓரத்தில் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, ஜிங்க் ரிச் பெயின்ட் என்று கேட்டு வாங்கி இரண்டு கோட் அடியுங்கள். காய்ந்த பின் அதில் பெரும்பங்கு துத்தநாகத் தூள்தான், அதனால் இரும்புக்குக் காவலும் ஆச்சு, நிறமும் நீங்கள் தேடுகிற அதே மங்கல் சாம்பல். உண்மையில் டீக்கடை கவுண்டர் போல நாலு பேர் உரசும் இடத்துக்கு ஆசிட்டே இல்லாமல் அதை மட்டும் அடித்திருந்தாலே போதும் என்பேன்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்: மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்துத் தடவினால் ஜி.ஐ. உடனே கருப்பாகி நூறு வருஷத்துச் சாமான் மாதிரி ஆகிவிடுகிறது. செய்து பார்த்தேன், அருமையாக வந்தது. மொட்டைமாடிப் பந்தலின் ஜி.ஐ. பைப் முழுவதற்கும் இதையே அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வீட்டுக்குள் மாட்டும் விளக்குக் கூண்டு, புகைப்படச் சட்டம் என்றால் சரி. மழையில் நிற்கும் பந்தலுக்குக் கூடவே கூடாது.

மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். துத்தநாகம் கரைந்து வெளியே போக, அதன் இடத்தில் தாமிரம் பொடிப்பொடியாக வந்து உட்காருகிறது. தாமிரம் என்றால் செம்பு நிறம்தானே வரவேண்டும் என்று நினைப்போம், அவ்வளவு நுண்ணிய துகளாக இருக்கும்போது கருப்பாகவோ அடர்ந்த பழுப்பாகவோதான் தெரியும். பார்க்க அழகு, எனக்கும் பிடிக்கும். ஆனால் தாமிரமும் துத்தநாகமும் தொட்டுக்கொண்டு நிற்க, மேலே தண்ணீரும் பட்டால் அது ஒரு சின்ன பேட்டரி, அதில் அழிவது எப்போதும் துத்தநாகம்தான். மழை பெய்யும்போதெல்லாம் அந்த பேட்டரி ஓடும். ஏசி மெஷினின் செப்புக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் ஜி.ஐ. கூரையில் விழுகிற இடம் மட்டும் சீக்கிரம் துரு ஏறுவதும் இதே காரணத்தால்தான்.

துத்தநாகத்தைக் கருப்பாக்குவதையே ஒரு கலையாக வளர்த்தவர்கள் கர்நாடகத்தின் பீதர் கைவினைஞர்கள். பித்ரி வேலைப்பாட்டில் உடல் பெரும்பாலும் துத்தநாகம், கூடக் கொஞ்சம் தாமிரம். வெள்ளிக் கம்பியையும் தகட்டையும் பதித்து முடித்தபின், பீதர் கோட்டையின் பழைய மண்ணை நவச்சாரத்தோடு கரைத்துக் காய்ச்சி அதில் அந்தப் பாத்திரத்தைப் போடுவார்கள். உடல் கன்னங்கரேல் என்று ஆகும், வெள்ளி மட்டும் அப்படியே மின்னும். அதைப் பார்த்திருந்தால் உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் பித்ரி ஜாடி உடம்பு முழுக்க உலோகக் கலவை, கூடத்து அலமாரியில் நிற்கிறது. உங்கள் பைப்பில் இருப்பதோ மெல்லிய பூச்சு, அது போனால் அடியில் வெறும் இரும்பு. பந்தலுக்குக் கருப்பு வேண்டுமானால் பெயின்ட் அடியுங்கள், எப்படி என்று சேலத்து வாசகருக்குக் கீழே சொல்லியிருக்கிறேன். செய்து பார்த்த துண்டை மட்டும் நன்றாகக் கழுவிக் காய வைத்து மெழுகு தடவி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். மயில்துத்தமும் விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி: ஐயா, கூரைத் தகரம் மாற்றினோம். காலையில் எட்டு மணிக்கு மேல் வெயில் பட்டு எதிர் மேட்டில் இருக்கும் வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்கிறார்கள். நியாயமான வருத்தம். ஆசிட் தெளித்து மங்க வைக்கச் சொல்கிறார் ஒருவர். செய்யலாமா?

பதில்: கூரையில் ஆசிட் தெளிப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தகடும் தகடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இடத்துக்குள் ஆசிட் இறங்கினால் எத்தனை கழுவினாலும் வெளியே வராது. ஸ்க்ரூவின் தலை, ரப்பர் வாஷர், மழைநீர்க் காடி, கீழே இருக்கும் காய்கறிப் பாத்தி, எல்லாவற்றுக்கும் கேடு. ஈரமான தகரத்தில் மலைச் சரிவில் ஏறி நிற்கும் ஆளின் காலும் வழுக்கும்.

முதலில் பில்லை எடுத்துப் பாருங்கள், அது ஜி.ஐ.யா, கால்வால்யூமா? இப்போது கூரைக்கு விற்பதில் நிறையப் பேர் வாங்குவது கால்வால்யூம். அதன் பூச்சில் எடைக்கு 55 சதவீதம் அலுமினியம், மிச்சத்தில் பெரும்பகுதி துத்தநாகம், ஒன்றரை சதவீதம் போல சிலிக்கான். நல்ல சரக்கு, நீண்ட காலம் உழைக்கும், ஆனால் அலுமினியம் இருப்பதால் ஜி.ஐ. மாதிரி சீக்கிரம் மங்காது. ஜி.ஐ.யாக இருந்தால் உங்கள் ஊர் மூடுபனிக்கும் மழைக்கும் அடுத்த வருஷத்துக்குள் பாதி கூச்சம் போய்விடும், எதிர் வீட்டாரிடம் இதைச் சொல்லி, அதுவரை அந்த ஜன்னலுக்கு நீங்களே ஒரு மூங்கில் தட்டி வாங்கிக் கொடுத்தால் அவர்களும் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். கால்வால்யூம் என்றால் காத்திருப்பதில் பலன் குறைவு. வெயில் திரும்பி அடிக்கும் அந்த ஒரு சரிவுக்கு மட்டும், உலோகக் கூரைக்கென்றே வரும் மினுமினுப்பில்லாத அக்ரிலிக் பெயின்ட் அடித்துவிடுங்கள். பச்சையோ சாம்பலோ, மலைக்கு எது ஒட்டுமோ அது.

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்: கொட்டகை போடுவதற்கு வாங்கிய ஜி.ஐ. ஷீட்டுகளை அடுக்கி மேலே தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தோம். இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் உள் தகடுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இதுவும் நீங்கள் சொல்லும் பழைய களைதானா, அப்படியே விடலாமா?

பதில்: இல்லை, இது அதற்கு நேர் எதிர். நெருக்கமாக அடுக்கிய தகடுகளுக்கு நடுவில் ஈரம் புகுந்து, காற்று வராமல் சிக்கிக்கொண்டால் கரியமில வாயு கிடைக்காமல் துத்தநாகம் வெறும் ஹைட்ராக்சைடாகவே பொங்கி நிற்கும். வெண்துரு என்பார்கள். கார்பனேட் மாதிரி இறுகி ஒட்டாது, விரலால் தேய்த்தால் சுண்ணாம்புப் பொடியாகக் கையோடு வரும். மூடி வைத்த தார்ப்பாய்தான் வினையே, உள்ளே வியர்த்திருக்கும்.

உடனே பிரித்து ஒவ்வொன்றாகச் சாய்த்து நிறுத்திக் காய விடுங்கள். லேசான பூப்பு என்றால் நைலான் பிரஷ்ஷால் தட்டிவிட்டு கொட்டகையில் ஏற்றிவிடலாம், காற்றும் மழையும் படப் படத் தானாகச் சரியாகும். பொடிக்கு அடியில் கருத்துப்போயிருந்தால் பூச்சு நிறையவே போயிருக்கிறது, அந்தத் தகடுகளை மழை நேராகப் படாத பக்கச் சுவருக்கு ஒதுக்குங்கள். சிவந்திருந்தால் ஜிங்க் ரிச் பெயின்ட். அடுத்த முறை தகடுகளுக்கு நடுவே ஒரு மரச்சட்டம் கொடுத்து, தரையிலிருந்து தூக்கி, ஒரு பக்கம் சரிவாக, காற்றுப் போகிற மாதிரி அடுக்குங்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி: கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. உப்புக் காற்றே தகரத்தை மங்க வைத்துவிடும், நாம் ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிறார் கணவர். சரியா?

பதில்: மங்க வைக்கும், அத்தோடு நிற்காது. உலோக அரிப்புக்கு ஐ.எஸ்.ஓ. 9223 என்று ஒரு சர்வதேச வகைப்பாடு இருக்கிறது. அதன்படி அரிப்பு மிகக் குறைந்த உள்நாட்டுப் பகுதிகளில் துத்தநாகம் வருஷத்துக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவாகத்தான் தேயும். அரிப்பு கடுமையான இடங்களில் இரண்டு முதல் நான்கு மைக்ரான், மிகக் கடுமையான இடங்களில் எட்டு மைக்ரான் வரைகூடப் போகும். மேலே சொன்ன 120 ஜி.எஸ்.எம். தகட்டை இதோடு வைத்துக் கணக்குப் போட்டால் நிலைமை புரியும். உங்கள் வீட்டில் ஆசிட், வினிகர் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள், இருக்கிற ஒவ்வொரு மைக்ரானும் வேண்டும். மழைபடாத ஓரங்களை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள், ஏனென்றால் மழை கழுவாத இடத்தில்தான் உப்பு சேர்ந்து தங்கும்.

நாமக்கல்லிலிருந்து ஒரு வாசகர்: வினிகர் போட்டு மங்க வைத்த வாளியில் மோர் கரைத்து விருந்தில் பரிமாறலாமா? பார்க்கக் கிராமத்துக் களையாக இருக்கும்.

பதில்: கூடாது. மங்க வைத்தது, வைக்காதது எதுவானாலும் ஜி.ஐ.யில் மோர், தயிர், புளிக்கரைசல், ஊறுகாய், எலுமிச்சைச் சாறு எதுவும் கூடாது. வினிகர் என்ன செய்ததோ அதையேதான் மோரும் செய்யும், கரைந்த துத்தநாகம் மோரோடு வயிற்றுக்குள் போனால் குமட்டலும் வாந்தியும் வரும். உள்ளே ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை இறக்கி, அதைச் சுற்றி ஐஸ் போட்டுக்கொள்ளுங்கள், களையும் கெடாது.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: மின்கோபுரம் புதிதாக நிறுத்தினார்கள். ஒரே கோபுரத்தில் சில சட்டங்கள் பளபளப்பாகவும் சில சட்டங்கள் ஏற்கெனவே மங்கியும் இருக்கின்றன. பழைய சட்டத்தைக் கலந்து விட்டார்களா?

பதில்: நல்ல கண் உங்களுக்கு! பழசைக் கலக்கவில்லை. துத்தநாகத்தில் முக்கும்போது இரும்பும் துத்தநாகமும் சேர்ந்து கலவை அடுக்குகள் உண்டாகும். இரும்பில் சிலிக்கான் குறிப்பிட்ட அளவில் இருந்தால் அந்த அடுக்கு நிற்காமல் வளர்ந்து மேல்பரப்பு வரை வந்துவிடும், சுத்தமான துத்தநாகத்தின் மினுமினுப்புக்கு மேலே இடமே இருக்காது. தொட்டியிலிருந்து எடுக்கும்போதே சாம்பலாகத்தான் வரும். அந்த மங்கின சட்டத்தில் பூச்சு பெரும்பாலும் மற்றதைவிடக் கனமாகவே இருக்கும். சில வருஷத்தில் இரண்டும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: ஜி.ஐ. பைப்பில் கேட் செய்து எனாமல் பெயின்ட் அடித்தோம். ஒரே வருஷத்தில் வெங்காயத் தோல் மாதிரி உரிகிறது. உரிந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, துருப்பிடித்த பழைய கேட் மாதிரி செம்பழுப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று மகள் சொல்கிறாள். உப்பும் வினிகரும் அடித்தால் துரு வருமா?

பதில்: துத்தநாகத்துக்குச் செந்துரு வராது, அதன் துரு வெள்ளைதான். உப்பும் வினிகரும் அடித்துச் செம்பழுப்பு வர வேண்டுமானால் முதலில் துத்தநாகம் மொத்தமும் அழிய வேண்டும், அப்புறம் கேட்டும் அழியும். மகளுக்கு அந்த நிறம்தான் ஆசை என்றால் பெயின்ட்டில் கொண்டுவரலாம்.

எனாமல் உரிந்ததில் பெயின்டர் மேல் மட்டும் பழி போட முடியாது. எண்ணெய் கலந்த சாதா எனாமல், துத்தநாகத்தோடு சேர்ந்து நடுவில் சோப்பு மாதிரி ஒரு படலத்தை உண்டாக்கும், ஒட்டு விட்டுப்போகும். புதுத் தகட்டின் வழுவழுப்பும் கூடச் சேர்ந்தால் தாள் தாளாக வரும். உரிவதை எல்லாம் சுரண்டி, வழவழப்பான இடங்களை நைசான உப்புத்தாளால் தேய்த்து, சோப்பில் கழுவி, காய்ந்ததும் எட்ச் பிரைமர் என்று கேட்டு வாங்கி மெல்லிசாக ஒரே ஒரு கோட் அடியுங்கள். அதில் பாஸ்பாரிக் ஆசிட் இருக்கிறது, பொள்ளாச்சி வாசகிக்குச் சொன்ன அதே வேலையைப் பெயின்ட்டுக்கு அடியில் செய்துகொடுக்கும். கனமாக அடித்தால் கெட்டது. அதன்மேல் சாம்பல் நிற அக்ரிலிக் ஒரு கோட், அது காய்ந்ததும் செம்மண் நிறத்தையும் காவி நிறத்தையும் தனித்தனியாகத் தண்ணீராக இளக்கி, ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி எடுங்கள். வெல்டிங் வைத்த மூலையிலும் கீல் பக்கத்திலும் கொஞ்சம் அடர்த்தியாகவும், நடுக்கம்பியில் மெலிசாகவும் இருக்கட்டும், நிஜத் துரு அப்படித்தான் ஏறும். வெல்டிங் வைத்த இடங்களில் துத்தநாகம் எரிந்துபோயிருக்கும் என்பதால் அங்கே மட்டும் பிரைமருக்கு முன்னால் ஜிங்க் ரிச் பெயின்ட்டைத் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். கேட்டில் இனி ஏதாவது புதிதாக வெல்ட் செய்வதாக இருந்தால், அந்த இடத்துப் பூச்சை முதலில் தேய்த்து எடுத்துவிட்டு வெட்டவெளியில் செய்யட்டும், துத்தநாகப் புகையை இழுத்தால் அன்று ராத்திரி வெல்டருக்குக் குளிர்காய்ச்சல் வரும்.